இரணைமடு வான் கதவு மட்டுமா காரணம்? கிளிநொச்சியை மூழ்கடிக்கும் 40 பவுசர் கணக்கு!

2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கிளிநொச்சியில் யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது இரணைமடுக் குளத்தின் வான் கதவுதான், அதாவது நிரம்பிய குளத்தின் மேலதிக நீரை வெளியேற்றும் கதவு. கதவை எப்போது திறந்தார்கள்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வயலைக் கிறவல் போட்டு நிரப்பிக் காணித் துண்டாக விற்பவரிடம் ஏன் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை?

பின்னணி சுருக்கமாக. வன்னிக்குப் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை. குளம் நிரம்பினால் வான் பாயும், அதாவது மேலதிக நீர் வெளியேறும். இரணைமடுவில் வான் பாய்ந்தால், கனகராயன் ஆறு பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கமாகச் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். அவ்வளவுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

[திரையில்: ஓர் ஏக்கர் வயல்]

ஓர் ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு எண் சொல்லுங்கள். ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர்! ஆவணியில் கிணறு வற்றியதும் குடத்தோடு காத்திருப்போமே, அந்த 10,000 லீற்றர் பவுசரில் 40 பவுசர்! 100 மில்லிமீற்றர் என்பது 4 அங்குல உயரம்தான். வயல் வரம்பு அதைவிட உயரம். ஏற்கெனவே தண்ணீர் நிற்கிற வயல் குறைவாகத்தான் தாங்கும், சரி. ஆனாலும் பெரும்பகுதியை மறித்து வைத்து மெதுவாக வடியவிடும். அதே ஏக்கரை மூன்றடி உயர்த்திக் கடைத்தொகுதி கட்டி, முற்றத்துக்குக் கொங்கிறீற்றும் போட்டால்? தண்ணீர் நேரே பக்கத்துக் காணிக்குப் பாயும். 10 ஏக்கர் நிரப்பினால் 400 பவுசர். அது யார் வீட்டு அடுப்படிக்குள் போகும் என்று யோசியுங்கள்.

உயர்த்திப் போட்ட வீதியில் மதகு போதாவிட்டால் இன்னும் மோசம்.

வவுனியா நகரத்துக் குளங்களில் அலைகரைக்குள்ளேயே, அதாவது குளம் நிரம்பும்போது நீர் பரவும் பகுதிக்குள்ளேயே, வீடுகள் வந்துவிட்டன. தயவுசெய்து அங்கே குடியிருக்கும் ஏழைகளைத் திட்டாதீர்கள். காணியில்லாதவர் கிடைத்த இடத்தில்தான் குடிசை போடுவார். என் கோபமெல்லாம் தெரிந்தே நிரப்பி விற்பவர் மீதுதான். கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியில்லாமல் வயற்காணியை நிரப்பக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. உங்கள் பக்கத்தில் டிப்பர் வந்து கொட்டினால் கமநல சேவை நிலையத்தில் போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காணி வாங்கப் போகிறீர்களா? வைகாசியில் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்காதீர்கள், மார்கழியில் போங்கள். முடியாவிட்டால் குனிந்து வேலிக் கட்டைகளைப் பாருங்கள். சேற்றுக் கறை எல்லாக் கட்டையிலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா? காணிக்குள் மருதமரங்கள் வரிசையாக நிற்கின்றனவா? அப்படியென்றால் அது தண்ணீர் ஓடும் தடமாக இருக்கலாம். அப்புறம், பக்கத்தில் வயல் செய்கிற ஐயாவிடம் "குளம் வான் பாய்ஞ்சா தண்ணி எந்தப் பக்கத்தால வரும்?" என்று கேளுங்கள்.

உங்கள் ஊரில் மூடப்பட்ட வாய்க்கால் இருந்தால் இடத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் வரைபடத்தில் குறித்துக் காட்டுகிறேன்.