கோபனிக் கேப்டனும் கிடைக்காத ஒரு காகிதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

1906 அக்டோபர் 16. பெர்லினை அடுத்த கோபனிக் ஊரின் நகரமன்றத்துக்குள் ராணுவ கேப்டன் ஒருவர் சிப்பாய்களோடு நுழைகிறார். மேயரைக் கைது செய்கிறார். கருவூலப் பணத்தை எடுத்துக்கொண்டு ரசீது கொடுக்கிறார். மேயரைக் காவலோடு பெர்லினுக்கு அனுப்பிவிட்டு மறைந்துவிடுகிறார். அவர் கேப்டனே இல்லை. வில்ஹெல்ம் ஃபோக்ட் என்ற செருப்புத் தொழிலாளி, வாழ்நாளில் பாதியைச் சிறையில் கழித்தவர். சீருடை பழைய துணிக்கடையில் வாங்கியது. சிப்பாய்கள் மட்டும் அசல். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களை நிறுத்திப் பின்னால் வரச் சொன்னார், வந்தார்கள்.

நடந்த இந்தக் கதையை ஜெர்மன் நாடகாசிரியர் கார்ல் சுக்மாயர் நாடகமாக்கினார். 'கோபனிக்கின் கேப்டன்' 1931-இல் பெர்லினில் மேடையேறியது.

சுக்மாயர் சீருடையையே ஒரு கதாபாத்திரம் ஆக்கிவிடுகிறார். முதலில் அது ஷ்லெட்டோ என்ற உண்மையான கேப்டனுக்குத் தைக்கப்படுகிறது. பின்புறப் பொத்தான்கள் விதிப்படி இல்லை என்று அவர் தையற்காரரைப் படாதபாடு படுத்துகிறார். அப்புறம் ஒருநாள் சாதாரண உடையில் காபிக் கடைக்குப் போகிறார். அங்கே குடித்திருந்த ஒரு சிப்பாய் அவரை மதிக்கவில்லை. கைகலப்பாகிறது, வேலையும் போகிறது. சீருடை கைமாறி ஓபர்முல்லர் என்ற அதிகாரிக்குப் போகிறது. அவருக்கு அது இறுக்கமாகிவிட, கடைசியில் பழைய துணிக்கடை வழியாக ஃபோக்டிடம் வருகிறது. கோபனிக் மேயர் யார் தெரியுமா? அதே ஓபர்முல்லர். தான் ஒருகாலத்தில் போட்டிருந்த உடுப்புக்கே பணிந்து கைதாகிறார்!

இதை வெறும் சிரிப்பு நாடகமாகப் போட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஃபோக்டை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அலுவலகங்கள். குடியிருப்பு அனுமதி கேட்டால் வேலை இருக்கிறதா என்கிறார்கள். வேலை கேட்டால் அனுமதிச் சீட்டு எங்கே என்கிறார்கள். ஊரைவிட்டே போய்விடலாம் என்றால் பாஸ்போர்ட் கிடையாது. நாடகத்தில் அவர் நகரமன்றத்துக்குப் போவதே பாஸ்போர்ட்டுக்காகத்தான். அந்த ஊரில் பாஸ்போர்ட் பிரிவே இல்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

என்னை உலுக்கும் காட்சி வேறு. சகோதரி வீட்டில் அடைக்கலம் புகுந்த ஃபோக்ட், நோயில் கிடக்கும் ஒரு பெண்ணுக்குக் கதை படித்துக்காட்டுகிறார். அவரை ஊரைவிட்டு வெளியேற்றும் உத்தரவு அப்போதுதான் வருகிறது. அந்தப் பெண் இறந்து, அடக்கம் முடிந்ததும் சகோதரியின் கணவர் ஹோப்ரெக்ட்டோடு வாக்குவாதம். மேலே போய்க் கடவுள் முன் நிற்கும்போது, வாழ்க்கையை என்ன செய்தாய் என்று கேட்டால் சிறையில் கால்மிதி பின்னினேன் என்றுதானே சொல்ல வேண்டும் என்று ஃபோக்ட் குமுறுகிறார். ஹோப்ரெக்ட் கெட்டவரே அல்ல. அன்பானவர், சோறு போட்டவர். தனக்கு வரவேண்டிய பதவி உயர்வே வராமல் போயும், சட்டம் என்றால் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும் என்று மனதார நம்புகிறவர்.

1933-இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் சுக்மாயரின் நாடகங்களைத் தடைசெய்தார்கள். அவர் நாட்டைவிட்டே ஓட நேர்ந்தது. அவர்களுக்குக் கட்டுப்பட்ட கூட்டத்தில் ஹோப்ரெக்ட் போன்ற நல்ல மனிதர்களும் ஏராளம். இந்த நாடகத்தை மேடையேற்றும் நண்பர்கள் நேரம் போதவில்லை என்றால் மேயர் காட்சியைச் சுருக்குங்கள். ஹோப்ரெக்ட் பேசுவதில் ஒரு வரியைக்கூட வெட்டாதீர்கள்.

நன்றி, வணக்கம்.