ஈட்டி பிடித்து நின்றவன் பேசுகிறேன்

நடுவர் ஐயாவுக்கும், சாங்காலமே சோறு உண்டு முடித்துப் பாயும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிற தாராபுரத்துச் சனங்களுக்கும் வணக்கமுங்க. ‘குணச்சித்திர நடிகரை உருவாக்குவது மேடையா, திரையா, சின்னத்திரையா?’ என்பது தலைப்பு. நான் மேடையின் கட்சி. மேடையில் ஏறி நின்றுகொண்டு வேறு எதற்காகப் பேசினாலும் நன்றாக இருக்காது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் எங்கள் ஊர் நோம்பி நாடகத்தில் நான் சேவகன். வசனம் கிடையாது. ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ராஜாவுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முன்வரிசையில் அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மிச்சி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அதுவோ, மகன் செத்துக் கிடக்க, ராஜா தலையில் அடித்துக்கொண்டு அழுகிற காட்சி! கூட்டம் மொத்தமும் என்னோடு சேர்ந்து சிரித்துவிட்டது. படுதாவுக்குப் பின்னால் வாத்தியார் விட்ட அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. “பேசறவன் மட்டுந்தான் நடிக்கறான்னு நெனச்சயாடா?” என்று கேட்டார். நான் இன்றைக்குப் பேசப் போவது முழுக்க அந்தக் கேள்வியைத்தானுங்க.

கதாநாயகர் தான் பேசும்போது நடித்தால் போதும். குணச்சித்திர நடிகர் அடுத்தவர் பேசும்போது நடிக்க வேண்டும். அப்பாவாக, மாமனாராக, கணக்குப்பிள்ளையாக ஓரமாக நின்று கேட்கிறாரே, அந்தக் கேட்பதுதான் அவர் தொழில். படப்பிடிப்பில் கதாநாயகர் முகத்துக்குக் கேமரா போய்விட்டால் ஓரத்தில் நிற்பவர் மூக்கைச் சொறியலாம், படத்தில் வராது. மேடையில் படுதா விழுகிறவரைக்கும் தப்பிக்க வழியில்லை. சந்தேகமிருந்தால் என் கன்னத்தைக் கேளுங்கள்.

திரைக்காகப் பேசிய எதிரணி அம்மிணி நல்ல கேள்வி ஒன்று கேட்டார். “நம் ஊர் நாகேஷ், ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக நடித்தாரே, அதை மேடையில் செய்திருந்தால் கடைசி வரிசைக்குத் தெரிந்திருக்குமா?” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் போய்ப் பார்க்க அந்த முகத்தில் என்ன இருக்கிறது? கண் அசையாது, வாய் அசையாது. பெண்கள் மூன்று பேர் தூக்கிக்கொண்டு அலைகிற அந்த உடம்பல்லவா நடித்தது! கை ஒரு பக்கம் சரிகிறது, கழுத்து ஒரு பக்கம் தொங்குகிறது. கொஞ்சம் விறைத்தால் மரக்கட்டை, கொஞ்சம் நெளிந்தால் உயிர் இருப்பது தெரிந்துவிடும். முகத்தை நம்பாமல் உடம்பை நம்புகிற வித்தை அது. முகமே தெரியாத தூரத்தில் சனங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் அந்த வித்தை படியும்.

நாகேஷ் 1933-ல் இதே தாராபுரத்தில் பிறந்தவர். சென்னையில் ரயில்வே வேலை, வேலை நேரம் போக நாடகம். வயிற்றுவலிக்காரராக வந்துபோகிற ஒரு துண்டு வேஷத்தைப் பார்த்து, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். தனியாகப் பாராட்டிய கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘சர்வர் சுந்தரம்’ 1964-ல் படமாவதற்கு முன்னால் பாலசந்தரின் மேடை நாடகம். ‘எதிர்நீச்சல்’ அப்படியேதான். அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, 1994-ல் வந்த ‘நம்மவர்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வாங்கினார். அறுவடை திரைக்களத்தில் நடந்தது, சரி. உழுது விதைத்த தோட்டம் எது என்றுதான் கேட்கிறேன்.

அம்மிணி இன்னொன்றும் சொன்னார். கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று நம் பக்கமே திரையின் தாய்வீடு என்றார். பெருமைதான். அந்தத் தாய்வீட்டுக்குச் சீர் கொண்டுபோனவர்கள் யார்? மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில் ராஜகுருவாக வந்த நம்பியார், சிறுவனாகவே நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ‘பராசக்தி’யில் நீதிபதி அண்ணனாக வந்த எஸ்.வி. சகஸ்ரநாமம் எந்த ஊர்? அந்த ‘எஸ்’ சிங்காநல்லூருங்க! டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் வளர்ந்தவர். சினிமாவில் பேர் வாங்கிய பிறகும் ‘சேவா ஸ்டேஜ்’ என்று சொந்தமாகக் குழு வைத்து நாடகம் போட்டார். அவர்கள் மேடையேற்றிய ‘போலீஸ்காரன் மகள்’தான் 1962-ல் படமாக வந்தது. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் மேடையில் கொடிகட்டிப் பறந்துவிட்டுத்தான் திரைக்கு வந்தார். 1965-ல் ‘திருவிளையாடல்’, ஔவையார் கொடுமுடி, தருமி தாராபுரம். இரண்டு பேரும் மேடையில் பழகியவர்கள்.

இதெல்லாம் நாடகக் கம்பெனிக் காலத்துச் சங்கதி. அதற்கும் முன்னால் இந்த மண்ணில், பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளைப் பற்றி உடுக்கை அடித்துப் பாடுகிற அண்ணன்மார் கதை இருக்கிறது. பல இரவுகள் விடிய விடிய நடக்கும். உடுக்கையைக் கையில் எடுத்தவர் ஒரே ஆள். அவரே தாய் தாமரையாகி அழுவார், அவரே சங்கராகி மீசை முறுக்குவார், தங்கை தங்காள் ஒப்பாரி வைக்கிறபோது சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பாடுகிறவர் வெள்ளை வேட்டிகூட மாற்றியிருக்க மாட்டார். ஒப்பனையும் கிடையாது, செட்டும் கிடையாது. எனக்கென்னவோ நம் பக்கத்து முதல் குணச்சித்திர நடிகர் அவர்தான் என்று படுகிறது. நடுவர் ஐயா மறுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சின்னத்திரைக்காகப் பேசிய தம்பிக்குக் கொஞ்சமாகத்தான் பதில். டெல்லி கணேஷை உதாரணம் காட்டினார். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் நாடகம் போட்டதால்தான் பேரிலேயே டெல்லி ஒட்டிக்கொண்டது. மேடையில் நடித்த ‘பட்டினப்பிரவேசம்’ வழியாகத்தான் 1977-ல் பாலசந்தர் படத்துக்கு வந்தார். சீரியல் அதற்கப்புறம்தான், தம்பி. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சீரியல் இல்லையென்றால் வயதான நடிகர்கள் பல பேர் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். மேடை அவர்களுக்குச் சோறு போடவில்லை, பல பேருக்குப் போக்குவரத்துச் செலவுகூடக் கொடுக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான். ஆனால் தலைப்பு ‘உருவாக்குவது’ எது என்றுதான் கேட்கிறது, சோறு போடுவது எது என்று கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. பக்கத்துக் காங்கேயத்து பி.எஸ். வீரப்பா ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் “சபாஷ், சரியான போட்டி” என்றதை அம்மிணி சற்று முன் செய்து காட்டினார். பிரமாதம். மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தார், தோளை விரித்தார், கடைசி வரிசையில் நிற்கிற சோளப்பொரிக்காரர் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். அம்மிணி, அப்போது உங்கள் முகத்துக்கு நேரே எந்தக் கேமராவும் இல்லையே!

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. சரி, ஓரமாகப் போய் உட்கார்ந்து அடுத்தவர் பேசுவதைக் கேட்கிறேன். இந்த முறை முன்வரிசையைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன்.