ஸ்டிக்கரை விடுங்கள், தலைகீழாகத் திருப்புங்கள்: பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிளுக்கு என்ன மதிப்பு?

[காட்சி: மேசைமேல் சாம்பல் நிற சைக்கிள் ஒன்று தலைகீழாக நிற்கிறது]

இந்த சைக்கிளுக்குப் பெயர் இல்லை. ஸ்டிக்கர் இல்லை, முன்பக்கத்தில் சின்னம் இல்லை. யாரோ பிரஷ் எடுத்து மொத்தத்துக்கும் சாம்பல் நிற பெயின்ட் அடித்துவிட்டார். பிரஷ்ஷின் முடி ஒன்று இன்னும் பெயின்ட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். கொண்டுவந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இது என் மாமா ஓட்டினது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா, இல்லை ஏதாவது தேறுமா?"

தேறும் அக்கா. நிறையவே தேறும். எப்படித் தெரியும் என்பதைத்தான் இந்த வீடியோவில் காட்டப்போகிறேன். இது எந்த ஆண்டு செய்தது, என்ன குழாய், யார் பட்டறையில் பிறந்தது எல்லாமே இந்த இரும்பில் எழுதியிருக்கிறது. ஸ்டிக்கரைப் புதிதாக அச்சடித்து யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். இரும்பில் அடித்த முத்திரையை அப்படி மாற்றுவது சுலபமில்லை. அதனால்தான் நான் எந்த சைக்கிளைப் பார்த்தாலும் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மிலானைச் சுற்றியும் வடகிழக்கே வெனெட்டோ பகுதியிலும் சின்னச் சின்னப் பட்டறைகள். எஃகுக் குழாய்களை வெட்டி, லக் என்கிற இணைப்பு உறைக்குள் செருகி, உருக்கிய பித்தளையை இடுக்கில் ஓடவிட்டு ஃபிரேம் செய்வார்கள். உயர்ந்த வகை ஃபிரேம்களில் குழாய் பெரும்பாலும் மிலானின் கொலம்பஸ். பாகங்கள் பெரும்பாலும் விச்சென்சா ஊரின் கம்பன்யோலோ. பெயர்கள் பியாங்கி, சினெல்லி, மாசி, டி ரோசா, கொல்னாகோ, பினரெல்லோ என்று நீளும். 1990களில் அலுமினியமும் பிறகு கார்பனும் வந்து எஃகை ஓரங்கட்டின. வரலாறு இவ்வளவு போதும்.

ஓரங்கட்டிய பொருளுக்கு இன்று ஏன் விலை? ஞாபகங்கள் ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. டஸ்கனியில் கையோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் 1997இல் 'எரோய்கா' என்ற சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளை மண் சாலையில், பழைய ரேஸ் சைக்கிளில் மட்டுமே ஓட்ட வேண்டும். சைக்கிள் 1987க்கு முன்னால் செய்ததாக இருக்க வேண்டும், கியர் லீவர் ஃபிரேமின் சாய்ந்த குழாயில் இருக்க வேண்டும், பெடலில் காலைப் பிடிக்கும் கூண்டும் வாரும் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து தெரிய வேண்டும். இதே மாதிரி ஓட்டங்கள் இப்போது வேறு நாடுகளிலும் நடக்கின்றன. வாங்க வருகிறவர்களில் பலர் இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதனால் ஒரு சைக்கிளின் வயது வெறும் தகவல் இல்லை, அதுவே காசு. 1985 என்று நிரூபிக்க முடிந்தால் ஒரு கூட்டம், 1992 என்றால் வேறு கூட்டம்.

சரி, வயதைக் கண்டுபிடிப்போம். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

[காட்சி: பின் கியர் மாற்றி, மிக அருகில்]

கம்பன்யோலோவின் 'நுவோவோ ரெக்கார்ட்' பின் கியர் மாற்றி இது. 1967இல் வந்த அலுமினிய மாடல். மேலே கறுப்பாகக் கிரீஸும் தூசியும் சேர்ந்து கெட்டியாக இருக்கிறது. துணியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கட்டைவிரலால் மெதுவாகத் துடைக்கிறேன். எழுத்து மேலே வருகிறது பாருங்கள். 'பேடன்ட் 76.' பேடன்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு இலக்கம்தான் விஷயம். 1970களில் தொடங்கி 80களின் நடுப்பகுதிவரை இந்த எண்ணை ஆண்டு மாற மாற மாற்றி அடித்திருக்கிறார்கள். எண்ணே இல்லாமல் வெறும் பேடன்ட் என்று மட்டும் இருந்தால் அதற்கும் முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சாட்சி போதாது. இப்போது சக்கரத்தைக் கழற்றுகிறேன். இந்தக் குயிக் ரிலீஸ் லீவரைத் திருப்பினால் ஒரே நொடியில் சக்கரம் கையோடு வருகிறது. இந்த லீவருக்கே ஒரு கதை உண்டு. 1927இல் துல்லியோ கம்பன்யோலோ குரோச்சே தாவுனே மலைக்கணவாயில் ஓட்டப்பந்தயத்தில் இருந்தபோது, பனியில் விரல் விறைத்துப்போய் சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியவில்லை என்றும், அந்தக் கடுப்பில்தான் இப்படி ஒரு லீவர் செய்ய வேண்டும் என்று நினைத்தார் என்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ, லீவர் நிஜம். இன்றும் உலகம் முழுக்க சைக்கிள்களில் இருக்கிறது. அப்புறம் சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றி இருக்கும் ஹப்பின் ஓரத்தில் உள்ள பூட்டு நட்டைப் பாருங்கள். நகத்தின் அளவுகூட இல்லாத எழுத்தில் 'கேம் 75' என்று இருக்கிறது, கேம் என்பது கம்பன்யோலோவின் சுருக்கம். இரண்டாவது சாட்சி.

மூன்றாவது, பெடல் பொருந்தும் கிராங்க் கை. அதன் பின்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னதாக வைர வடிவக் கட்டம், அதற்குள் 6. எழுபதுகளில் வைரம், எண்பதுகளில் வட்டம். உள்ளே இருப்பது ஆண்டின் கடைசி இலக்கம். அப்படியென்றால் 1976.

76, 75, 76. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. ஒரு பட்டறையில் முந்தைய ஆண்டு வாங்கிவைத்த ஹப்பை அடுத்த ஆண்டு பூட்டுவது சாதாரணம், அதனால் ஓராண்டு வித்தியாசம் பிரச்சினை இல்லை. கியர் 76, ஹப் 75, கிராங்க் மட்டும் 84 என்று வந்திருந்தால் நடுவில் யாரோ பாகம் மாற்றியிருக்கிறார்கள், மதிப்பில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த வேலை ஏன் பிடிக்கிறது என்றால், ஐம்பது வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் ஒரு ஆள் அந்த அச்சை அடித்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போயிருப்பார். அவர் அடித்த அந்த ஓர் அடி இன்று நம்மிடம் உண்மையைச் சொல்கிறது.

முத்திரை எதுவும் இல்லாவிட்டாலும் பாகங்கள் பேசும். ஒருவர் "1962 மாடல், எல்லாமே ஒரிஜினல்" என்று ஒரு சைக்கிளைக் காட்டுகிறார், அதில் கம்பன்யோலோ பிரேக் இருக்கிறது என்று வையுங்கள். கம்பன்யோலோ ரேஸ் பிரேக் 1960களின் கடைசியில்தான் வந்தது. அதுவரை இத்தாலிய ரேஸ் சைக்கிள்களில் அதிகம் பார்ப்பது யூனிவர்சல் பிரேக்தான். அப்படியென்றால் ஒன்று ஆண்டு தப்பு, இல்லையென்றால் பிரேக் பின்னால் போட்டது.

அடுத்து, ஃபிரேம் நிஜமாகவே இத்தாலியில் செய்ததா? இரண்டு பெடலுக்கும் நடுவே அச்சு உட்காரும் குறுக்குக் குழலை அளக்கிறேன். எழுபது மில்லிமீட்டர். ஆங்கிலேயர் முறையில் இது 68. அந்த இரண்டு மில்லிமீட்டரில் ஒரு நாடே தெரிகிறது! மரையும் வேறு. ஆங்கிலேயர் முறையில், அச்சின் பேரிங்கைப் பிடித்திருக்கும் கப்பில் செயின் பக்கத்துக் கப்பை எதிர்த்திசையில் திருக வேண்டும். மிதிக்க மிதிக்க அது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். இத்தாலியில் இரண்டு பக்கமும் சாதாரண வலது மரைதான். அதனால் இத்தாலிய சைக்கிளில் செயின் பக்கத்துக் கப் மெல்ல மெல்லத் தளரப் பார்க்கும், மெக்கானிக்குகள் உடம்பு பலத்தையெல்லாம் போட்டு இறுக்குவார்கள். இது தெரியாமல் தப்பான பக்கம் ஸ்பேனரைத் திருப்பி மரையை அழித்துவிட்டால் ஃபிரேமின் மதிப்பு அங்கேயே பாதி போய்விடும். தயவுசெய்து கழற்றும் முன்னால் அளந்து பாருங்கள்.

68 என்று வந்தாலே போலி என்று முடிவு கட்டக் கூடாது. ஏற்றுமதிக்காக ஆங்கிலேய மரையில் செய்த இத்தாலிய ஃபிரேம்களும் உண்டு. அதே நேரம் எண்பதுகளில் பியாங்கி பெயரில் ஜப்பானில் செய்த சைக்கிள்களும் விற்றன. நல்ல சைக்கிள்கள்தான், ஓட்ட அருமையாக இருக்கும், ஆனால் சேகரிப்பவர்கள் இத்தாலிய பியாங்கிக்குக் கொடுக்கும் விலையைக் கொடுக்க மாட்டார்கள். 68 வந்தால் அது ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

குழாய்: சீட் கம்பியை உருவி வெர்னியர் காலிப்பரில் வைத்தேன், 27.2 மில்லிமீட்டர். கொலம்பஸ் எஸ்.எல். குழாய்க்கு எதிர்பார்க்கும் அளவு இதுதான். இன்னும் உறுதி வேண்டும் என்றால் முன் ஃபோர்க்கைக் கழற்றி அதன் தண்டுக்குள் கீழிருந்து விரலை விடுங்கள். உள்ளே சுருள் சுருளாக ஐந்து மேடு தட்டுப்படும். துப்பாக்கிக் குழலுக்குள் இருப்பதைப் போல. கண்ணுக்கே தெரியாத இடத்தில், எடையைக் கூட்டாமல் பலத்தைக் கூட்டச் செய்த வேலை அது. தண்டின்மேல் கொலம்பஸின் புறா முத்திரையும் இருக்கிறது.

[காட்சி: குறுக்குக் குழலின் அடிப்பக்கம்]

இப்போது கடைசியாகப் பெயர். குழலின் அடியில் மண் கெட்டித்துப் போன ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். மண் உதிர்கிறது... உருவம் தெரிகிறதா? மூன்று இதழ், ஒரு காம்பு. சீட்டுக்கட்டில் வருகிற கிளாவர்! இரும்பையே அந்த வடிவத்தில் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

கொல்னாகோ. மிலானுக்குப் பக்கத்தில் கம்பியாகோ ஊரில் எர்னெஸ்தோ கொல்னாகோ 1954இல் தொடங்கிய பட்டறை. 1970இல் மிக்கேலே தான்செல்லி இவருடைய சைக்கிளில் மிலான்–சான் ரெமோ பந்தயத்தை வென்றார். இத்தாலியர் ஒருவர் அதை ஜெயித்துப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. அந்த வெற்றிக்குப் பிறகுதான் கிளாவர் இவர்களுடைய சின்னம் ஆனது. 1972 அக்டோபரில் மெக்சிகோ நகரில் பெல்ஜிய ரேஸ் வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்ததும் கொல்னாகோ செய்துகொடுத்த, ஆறு கிலோவுக்கும் குறைவான சைக்கிளில்தான். அதற்கு நான்கே வருடத்துக்குப் பிந்தையது இந்த மேசையில் இருப்பது. எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது என்றே சொல்லிவிடுகிறேன்.

அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். முன்பக்கத் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், சாய்ந்த குழாயின் அடியில் விரலால் தடவுங்கள். நேருக்கு நேர் மோதியிருந்தால் அங்கே மெல்லிய புடைப்பு வரும். கண் தவறவிடும், விரல் விடாது. கம்பன்யோலோ கிராங்க்கில் கையும், பல்சக்கரத்தைத் தாங்கும் நட்சத்திரப் பகுதியும் சேரும் மூலையைச் சுத்தமாகத் துடைத்து, முடிபோல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் விரிசல் விடுவது இந்த கிராங்க்குகளின் பழைய வியாதி. சீட் கம்பியோ ஹேண்டில்பார் தண்டோ துருப்பிடித்து இறுகி அசையாமல் இருந்தால் விலையை நன்றாகக் குறைத்துப் பேசுங்கள்.

இனி விலை. இணையத்தில் ஆள் ஆளுக்குக் கேட்கிற விலையை நம்பாதீர்கள். கேட்பது ஆசை, விற்றது மட்டுமே விலை. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி உண்டு. அதில் அதே மாடல், அதே காலம், அதே அளவு என்று ஐந்தாறு சைக்கிளைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அளவு முக்கியம். 54 முதல் 58 சென்டிமீட்டர் ஃபிரேமுக்கு வாங்குகிறவர்கள் அதிகம். 62 என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆள் குறைவு. நம்முடையது 56.

பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி விற்றால் மொத்தத்தைவிட அதிகம் வரலாம் என்று சிலர் சொல்வார்கள். சில சமயம் கணக்குப்படி அது சரிதான். ஆனால் ஐம்பது வருடம் சேர்ந்தே இருந்த 76, 75, 76 மூன்றையும் மூன்று திசைக்கு அனுப்புவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

பெரிய அடி பெயின்ட்டில்தான். கீறலோடு இருந்தாலும் அசல் பெயின்ட்டுக்கு ஒரு மதிப்பு, பளபளவென்று மறுபடி அடித்ததற்கு அதைவிடக் குறைவு. பிரஷ்ஷில் அடித்த சாம்பல் நிறம் என்றால், அசல் பெயின்ட்டோடு இருக்கும் எழுபதுகளின் 'கொல்னாகோ சூப்பர்' மாடல் விற்ற விலையில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். பழைய இரும்பு விலையோடு அதை ஒப்பிடவே முடியாது என்பதால் அவர் முகம் அப்போதே மலர்ந்துவிட்டது.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. கிளாவர் பள்ளத்தைத் தேய்த்தபோது ஓரத்தில் சாம்பல் பெயின்ட் ஒரு செதில் பெயர்ந்து விழுந்தது. அடியில் ஆரஞ்சு. மெர்க்ஸ் ஓட்டிய மொல்தேனி அணியின் நிறமும் ஆரஞ்சுதான், ஆனால் அந்த நிறத்தில் கடையிலும் விற்றார்கள். அதனால் துள்ளிக் குதிக்க வேண்டாம். எனக்குச் சந்தோஷம் வேறு: அசல் பெயின்ட் உள்ளே உயிரோடு இருக்கலாம். மேலே இருக்கும் சாம்பலை மட்டும் கரைத்து, ஆரஞ்சுக்கு வலிக்காமல் எடுக்க முடிந்தால் அந்தப் பாதிக் கணக்கே மாறிவிடும். அக்கா ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு சதுர அங்குலத்தில் முதலில் சோதித்துப் பார்க்கப்போகிறேன். அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.

அதற்குள் உங்கள் வீட்டில் தூசி படிந்து நிற்கும் சைக்கிளில் கம்பன்யோலோ கியர் இருந்தால், துடைத்துப் பார்த்து அந்த இரண்டு இலக்கத்தைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நானே படிக்கிறேன்.