அச்சாணியும் தேரும்

(கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய கல்லூரித் தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, மின்னியல் துறைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அரங்கத்தைக் கட்டிப்போட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, காலையிலிருந்து மைக் கட்டி நாற்காலி போட்ட பணியாளர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். தாளாளர் ஐயா இந்த வயதிலும் வாசல்வரை வந்து என்னை அழைத்துப் போனார்கள். அந்த அன்புக்கு முதலில் நன்றி.

மின்சார வண்டி பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: மோட்டார், அதன் கட்டுப்பாடு, பேட்டரி.

மோட்டாரைப் பற்றிக் கோவையில் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் இது. அதனால் நேரே கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பார்கள். மின்சார வண்டிக்குக் கட்டுப்பாடுதான் அச்சாணி.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கிணற்று மோட்டாரில் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், எரிந்து போய்விட்டது. மஞ்சள் வயல் காய்கிறது. அப்பா மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிப் போய்க் காயில் கட்டி வாங்கி வந்தார். மாட்டி ஓட விட்டால் சத்தம் வருகிறது, குழாயில் சுண்டுவிரல் தடிமனுக்குத்தான் தண்ணீர். அம்மா சாமி படத்துக்கு முன்னால் காசு முடிந்து வைத்துவிட்டார். மறுநாள் காயில் கட்டிய அண்ணன் சைக்கிளில் வந்தார். பம்பைத் தொடவில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சுவிட்சை அணைக்கச் சொன்னார். சுற்று ஓய்கிறவரை கேட்டார். அப்புறம் சிரித்தார். "ஏனுங்க, பேரிங் நல்லா இருக்குதுங்க, காயிலும் நல்லா இருக்குதுங்க. மோட்டார் திரும்பிச் சுத்துதுங்க. ரெண்டு வயரை மாத்திப் போட்டாப் போதுமுங்க!" மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டை மாற்றிப் போட்டார். தொட்டியில் தண்ணீர் பாய்ந்த பாய்ச்சலில் அப்பாவின் வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. மோர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார் அந்த அண்ணன்.

இருபது வருடமாக நான் செய்யும் ஆராய்ச்சியும் அதுதான்: மோட்டார் சொல்வதைக் கேட்டு அதன் நிலையைத் தெரிந்துகொள்வது. நிலைக்காந்தம் பொருத்திய மோட்டாரில் சுழலி, அதாவது சுற்றும் பகுதி, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் மோட்டாரை ஆளும் கன்ட்ரோலர் சரியான கம்பியில் சரியான நேரத்தில் மின்னோட்டம் அனுப்ப முடியும். நொடிக்குப் பத்தாயிரம் முறை அளவில் இந்தக் கணக்கு நடக்கிறது. மின்னோட்டத்தை இரண்டாகப் பிரித்து, காந்தப்புலத்துக்கு ஒன்று, சுழலியைச் சுற்ற வைக்கும் முறுக்குவிசைக்கு ஒன்று என்று ஆளும் வழியை 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே வகுத்தார். கோணத்தைச் சொல்ல ஒரு சென்சார் வேண்டும். வெப்பத்திலும் அதிர்விலும் அது கெட்டுப்போனால்? அச்சாணி கழன்ற தேர்தான். அதனால் சென்சாரே இல்லாமல், சுழலும் காந்தம் சுருளில் எழுப்பும் மின்னழுத்தத்தை வைத்தே கோணத்தைக் கணிக்கிறோம். ஓடும்போது இது சுலபம். மேம்பால ஏற்றத்தில் இரண்டு பேரைச் சுமந்த ஸ்கூட்டர் நின்றுவிட்டால் அந்த மின்னழுத்தமே பிறக்காது. அப்போது அதிக அதிர்வெண்ணில் ஒரு சின்ன மின்னழுத்தத்தைச் செலுத்தி, என்ன பதில் வருகிறது என்று கேட்கிறோம். அந்த அண்ணனின் ஸ்க்ரூடிரைவர்தான், வேறென்ன!

சீனா 2025 ஏப்ரலில் இந்த மோட்டார்களுக்கு வேண்டிய அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியை இறுக்கியபோது நம் வண்டித் தொழிற்சாலைகள் திணறின. நிலைக்காந்தமே இல்லாமல், சுருளின் காந்தப்புலம் இரும்புச் சுழலியை இழுப்பதால் சுற்றும் ரிலக்டன்ஸ் மோட்டார்களை நாம் செய்தாக வேண்டும். அவற்றில் இரைச்சலும் நடுக்கமும் அதிகம். அதைக் கேட்டுப் பழகிய காது எங்கே இருக்கிறது? காயில் கடைகளில் இருக்கிறது, நம் ஆய்வகங்களில் இல்லை. நான்கு வருடம் மின்னியல் படித்த பிள்ளை ஒரு சுருளைக்கூடக் கையால் கட்டாமல் பட்டம் வாங்குகிறது. எனக்கு இது தாங்கவில்லை. போகிற மேடையெல்லாம் இதைத்தான் கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். தாளாளர் ஐயா, ஒவ்வொரு கல்லூரியும் காயில் கட்டுகிற ஒருவரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக அமர்த்த வேண்டும். பட்டம் கேட்காதீர்கள். அச்சாணியை வெளியே நிறுத்திவிட்டுத் தேர் இழுக்கிறோமே!

பேட்டரிக்கு நேரமில்லை, முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எங்கள் ஊர் அண்ணனின் மகன் இன்றும் அதே கடையை நடத்துகிறார். அடுத்த திங்கட்கிழமை நானே அவரை இங்கே கூட்டி வருகிறேன். எரிந்த மோட்டார் ஒன்றை மட்டும் மேசையில் தயாராக வையுங்கள். வணக்கம்.