பருத்தியைக் கலக்காமல் காப்பவர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை என்றால் பீணியா, பொம்மனஹள்ளி, மைசூர் ரோடு என்று எல்லோரும் சொல்வார்கள். தையல் மிஷினில் உட்காருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே குடியேறிய நம் பெண்களும் அவர்களில் உண்டு. நானும் செக்கிங் டேபிளில் தொடங்கியவள்தான். இப்போது ஆர்கானிக் எனப்படும் இயற்கைப் பருத்தியில் ஆடை தைக்கும் ஒரு சிறிய யூனிட்டில் உற்பத்தியைக் கவனிக்கிறேன்.

வயலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்கைப் பருத்திக்கு ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடக்கூடாது, மரபணு மாற்றிய விதையும் கூடாது. நம் நாட்டில் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. இன்று பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அதுதான். ஆகவே பி.டி. அல்லாத நல்ல விதையைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. கிடைத்து விதைத்தாலும், பக்கத்து வயலின் மகரந்தம் வந்து கலந்துவிடும் அபாயம் உண்டு. சான்றிதழ் கைக்கு வரும்வரை, இயற்கை முறைக்கு மாறும் காலம் முழுக்க, விளைச்சலை இயற்கைப் பருத்தி என்று விற்கவும் முடியாது. இத்தனையையும் தாங்கி மத்தியப் பிரதேசம், ஒடிசா, மகாராஷ்டிர விவசாயிகள் பயிரிடுகிறார்கள்.

சரி, அந்தப் பஞ்சு ஆலையை விட்டு வெளியே வந்துவிட்டது. இனி என்ன?

இயற்கைப் பருத்தித் துணியையும் சாதாரணப் பருத்தித் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பார்த்தோ தொட்டோ யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அனுபவப்பட்ட கட்டிங் மாஸ்டராலும் முடியாது. பஞ்சாக இருக்கும்போது மரபணுச் சோதனை செய்யலாம். நூலாகி, வெளுத்து, சாயமும் ஏறிவிட்டால் அதுவும் கைகொடுக்காது. அப்புறம் மிஞ்சுவது காகிதம்தான். சரக்கு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சான்றிதழ் கூடவே வர வேண்டும். தொழிலில் அதை டி.சி. என்போம். அந்தக் காகிதத்திலும் மோசடி நடந்திருக்கிறது. 2020-இல், போலிச் சான்றிதழ்களோடு சுமார் 20,000 டன் இந்தியப் பருத்தி இயற்கைப் பருத்தியாகக் காட்டப்பட்டதை, உலக அளவில் இதற்குத் தரம் வகுக்கும் காட்ஸ் அமைப்பே வெளியிட்டது. நேர்மையாகப் பயிரிட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி!

காகிதம் சரியாக இருந்தாலும், நாங்கள் தைக்கும் தளத்தில் துணி கலந்துபோனால் எல்லாம் வீண். பல யூனிட்டுகளில் காலையில் சாதாரண ஆர்டர் ஓடும், மதியம் இயற்கைப் பருத்தி ஆர்டர் அதே லைனில் ஏறும். அதற்கு முன் கட்டிங் டேபிளைச் சுத்தம் செய்ய வேண்டும், ரோல்களைத் தனி ரேக்கில் வைக்க வேண்டும், ஒவ்வொரு பண்டிலிலும் அது எந்தச் சரக்கு என்று காட்டும் லாட் நம்பர் இருக்க வேண்டும்.

உண்மையான சோதனை மாலையில் வரும். ஒரு காலர் துண்டில் ஓட்டை விழுந்திருக்கும். மாற்றுத் துண்டு வேண்டும். எதிரிலேயே அதே வெள்ளையில் சாதாரணத் துணி கிடக்கிறது. அதிலிருந்து வெட்டித் தைத்தால் எந்த ஆய்வாளராலும் கண்டுபிடிக்க முடியாது. டார்கெட் முடியவில்லை, சூப்பர்வைசர் தலைமேல் நிற்கிறார். அப்போதும் தைக்கும் பெண் எழுந்து போய், அதே லாட் ரோலிலிருந்து துண்டு வெட்டி வாங்கி வருகிறாள். எண்ணெய்க் கறையும் அப்படித்தான். கறை நீக்கும் திரவத்தைப் பீய்ச்சும் ஸ்பாட் கன்னை எடுத்து அடித்தால் நொடியில் போய்விடும். ஆனால் அனுமதி பெற்ற திரவமா என்று பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அந்த ஆவியை முதலில் சுவாசிப்பதும் அவள்தானே?

நீங்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது அவளுடைய இந்தக் கவனத்தையும் சேர்த்துத்தான். ஆனால் அந்தக் கூடுதல் விலையில் அவள் கைக்குப் போவது மிகக் குறைவு. இதை நான் மனம் நொந்துதான் சொல்கிறேன். காட்ஸ் விதிகள் பஞ்சையும் சாயத்தையும் மட்டும் பார்ப்பதில்லை. குழந்தைத் தொழிலாளர் கூடாது, சங்கம் சேரும் உரிமை வேண்டும் என்கின்றன. கொடுக்கும் சம்பளம் வாழத் தேவையான சம்பளத்திலிருந்து எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடவும் சொல்கின்றன. கணக்கிடுவதோடு நின்றுவிடக்கூடாது என்பது என் கட்சி.

இந்த ஊர்ப் பெண்கள் வாய் மூடி இருப்பவர்கள் என்று நினைக்காதீர்கள். 2016 ஏப்ரலில், பி.எஃப். பணத்தில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று விதி வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் ஓசூர் ரோட்டில் வந்து நின்றார்கள். இரண்டாம் நாளே மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

கடைக்குப் போகும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள். காட்ஸ் முத்திரையோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் காட்ஸ் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். 'ஆர்கானிக்' என்று மட்டும் இருந்தால் குறைந்தது 95 சதவீதம் இயற்கை முறையில் விளைந்த இழை. 'ஆர்கானிக் கொண்டு செய்தது' என்றால் 70 சதவீதம் இருந்தாலே போதும். முத்திரை எதுவும் இல்லாமல் இலைப் படம் மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள். அப்படியே, இதை எந்த ஊரில், எந்த யூனிட்டில் தைத்தீர்கள், தைத்தவர்களுக்கு ஓ.டி. பணம் கொடுக்கிறீர்களா என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்று பிராண்டுகாரர்கள் எங்களுக்கு மெயில் போட்ட பிறகுதான் பல விஷயங்கள் எங்கள் தளத்தில் மாறியிருக்கின்றன.

நன்றி, வணக்கம்.