தொடர்பு அறுந்தால் படையின் கணக்கு என்ன ஆகும்?

[திரையில்: சிலிம் ரிவர் நகரம், பழைய சாலை]

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கே, தோட்டங்கள் சூழ்ந்த சிலிம் ரிவரிலிருந்து பேசுகிறோம். 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன், துரோலாக் பக்கமிருந்து இதே சாலை வழியாக ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்து வந்தன. முன்னணி உடைந்துவிட்டது என்ற செய்தி, பிரிட்டிஷ் தரப்பில் இங்கே காவல் நின்ற 11ஆவது இந்தியப் படைப்பிரிவின் பின்வரிசைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. காலைக்குள் ஆற்றுப் பாலமும் பறிபோனது. இந்தத் தோல்வியைத் தலைக்கணக்கால், அதாவது ஆட்களின் எண்ணிக்கையால், மட்டும் விளக்க முடியாது என்பதே எங்கள் கருத்து.

தலைக்கணக்கின் அடிப்படைச் சமன்பாட்டை, ஆங்கிலேயப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1916இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரு தரப்பு ஆட்களை இழக்கும் வேகம், எதிர்த்தரப்பில் இன்னும் எத்தனை பேர் சுடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதிலிருந்து, படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்கிறது என்ற முடிவு கிடைக்கிறது. சமத் திறனுள்ள 1000 பேரும் 800 பேரும் மோதினால், 1000இன் வர்க்கமான 1,000,000இலிருந்து 800இன் வர்க்கமான 640,000 கழிந்து 360,000 மிஞ்சும். அதன் வர்க்கமூலம் 600. அதாவது, எதிரி முழுதும் அழியும்போது பெரிய படையில் 600 பேர் எஞ்சியிருப்பார்கள்.

ஆனால் எதிரி எங்கே இருக்கிறான் என்பது எல்லாருக்கும் எப்போதும் தெரியும் என்று இந்தச் சமன்பாடு எடுத்துக்கொள்கிறது. அந்த அறிவைத் தருவது தொலைபேசிக் கம்பி, வானொலி, தூதுவர் ஆகியவற்றாலான வலைப்பின்னல். ஆகவே, படையின் சுடுதிறனை 0 முதல் 1 வரையுள்ள ஒரு தொடர்பு அளவால் பெருக்குவோம்: 1 என்றால் முழுத் தொடர்பு, 0 என்றால் தொடர்பே இல்லை. திடீர்த் தாக்குதல் ஒன்றில் 1000 பேர் படைக்கு அந்த அளவு ஒரே நொடியில் பாதியாகட்டும். ஒருவர்கூடச் சாகவில்லை என்றே கொள்வோம். அந்த நொடியிலேயே 1,000,000 என்பது 500,000 ஆகிவிடுகிறது. அது 640,000ஐவிடக் குறைவு என்பதால், 1000 பேர் 800 பேரிடம் தோற்கிறார்கள். இரண்டு 500 பேர் குழுக்களாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போரிட்டாலும், 250,000உம் 250,000உம் சேர்ந்து இதே 500,000தான் வரும். தொடர்பறுதலும் படை சிதறுவதும் இங்கே ஒரே விளைவைத் தருகின்றன. போரின் தொடக்கத்திலேயே தொடர்பு குலைந்து, பின்பு சீராகாவிட்டால், இந்தப் படைக்குத் தொடர்பு அளவின் எல்லைக்கோடு 0.64; அதற்குக் கீழே இறங்கினால் தோல்விதான்.

[திரையில்: இரு வளைகோடுகள், வெட்டு விழும் நேரம் மெல்ல நகர்கிறது]

அதிர்ச்சி எப்போது வருகிறது என்பதும் முக்கியம். அதே பாதியளவுக் குலைவு, எதிரி 800இலிருந்து 600க்குக் கீழே இறங்கிய பிறகு வந்தால், 1000இலிருந்து ஏறக்குறைய 848 பேராகக் குறைந்திருக்கும் பெரிய படை அப்போதும் வெல்லும். முன்னதாக வந்தால் தோற்கும். தொடர்பு படிப்படியாக மீளும் என்று சேர்த்தால், மீட்சியின் வேகமும் முடிவை மாற்றும்.

தொடர்பு வலைப்பின்னலில் எங்கே வெட்டு விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பெரட்டை, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் வரிசையை, நினைத்துப் பாருங்கள்: பால்வெட்டுக்காரர் ஒருவர் வராவிட்டால் ஒரு நிரைதான் நிற்கும், ஆனால் எல்லாக் கட்டளையும் ஒரே கிராணி (தோட்ட எழுத்தர்) வழியாக வரும் இடத்தில் அவர் வராவிட்டால், தோட்டமே காத்திருக்கும். சில மையங்களில் இணைப்புகள் குவிந்த வலைப்பின்னல், தற்செயலான பழுதைத் தாங்கும், ஆனால் மையத்தைக் குறிவைத்தால் சிதறும் என்பதை ஆய்வாளர்கள் ஆல்பர்ட், ஜியோங், பராபாசி ஆகியோர் 2000இல் காட்டினார்கள்.

சிலிம் ரிவரில் இருந்ததோ ஒரே சாலை. அதன் வழியே நடந்துகொண்டிருந்த அந்தப் படைப்பிரிவின் கூர்க்காப் பட்டாளம் ஒன்றை, டாங்கிகள் பின்னாலிருந்து வந்து தாக்கின. தலைக்கணக்கில் அவர்கள் அனைவரும் இருந்தார்கள். தொடர்பு அளவு மட்டும் அவர்களுக்குப் பூஜ்யமாக இருந்தது.