கல்லூரியின் பெயரும் நாற்பது வயதின் நிம்மதியும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரிகளில் பாடம் நடத்தியவன் நான். தேர்வு முடிவுகள் வந்து, இடம் கிடைத்தவர்களின் பட்டியலும் வெளியான பிறகு, பெற்றோர்கள் என்னைத் தேடி வருவார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "பெரிய காலேஜ் கிடைக்காமல் போய்விட்டதே சார், இனி இவன் வாழ்க்கை என்ன ஆகும்?" பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், தலை நிமிராமல். பதினேழு வயதில் தன் வாழ்க்கையே முடிந்துபோனதுபோலப் பெற்றவர்களே பேசுவதைக் கேட்பது எவ்வளவு வலி என்று அந்த முகத்தைப் பார்த்தால் தெரியும். அந்த முகங்களை நினைத்துத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்வோம். பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவர்கள் பிற்காலத்தில் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்களா?

முதலில் சம்பளத்தைப் பார்த்துவிடலாம். பெற்றோரின் கவலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெரிய கல்லூரியில் படித்தவர்கள் சராசரியாகக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள், அது உண்மை. ஆனால் அந்தக் கல்லூரிகள் கெட்டிக்காரர்களையும் விடாமுயற்சி உள்ளவர்களையும் பொறுக்கி எடுத்துத்தானே உள்ளே விடுகின்றன? அவர்கள் எங்கே படித்திருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பார்களோ என்று சந்தேகம் வரும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நல்ல வழி கண்டார்கள். 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடமும் கிடைத்து, கடைசியில் ஒருவர் பெரிய கல்லூரிக்கும் இன்னொருவர் அவ்வளவு பெயரில்லாத கல்லூரிக்கும் போயிருந்தால், அப்படிப்பட்டவர்களின் பிற்காலச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2002-ல் அந்த ஆய்வு வெளியானது. பெரும்பாலானவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்க எனக்கு மனமில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையாகவே உதவியிருக்கிறது. பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்று அதே ஆய்வாளர்கள் பின்னால் கண்டார்கள். வீட்டில் கிடைக்காத பழக்கமும் அறிமுகமும் அவர்களுக்கு அங்கே கிடைக்கின்றன. ஆகவே அப்படி ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தால், "எங்கே படித்தால் என்ன" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

2023-ல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபர்டு போன்ற 12 கல்லூரிகளை ஆராய்ந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்து உள்ளே போனவர்களையும், அதே பட்டியலில் இருந்து இடம் கிடைக்காமல் வேறு கல்லூரிக்குப் போனவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் நாட்டிலேயே மிக அதிகம் சம்பாதிக்கும் 1 சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. புகழ்பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. சரி, அப்படியென்றால் உச்சிக்குப் போக விரும்புகிறவருக்கு அந்தப் பெயர் ஓர் ஏணிதான். அதை மறுக்க முடியாது.

உச்சிக்குப் போனவருக்கு ராத்திரி நல்ல தூக்கம் வருகிறதா என்பது வேறு கேள்வி. எனக்கு அக்கறை இந்தக் கேள்வியில்தான்.

1998-ல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஓர் ஆய்வை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வெயிலும் இதமான காற்றும் உண்டு. நாட்டின் நடுப்பகுதியில் குளிர் வாட்டும். இரண்டு பக்கத்து மாணவர்களையும் கேட்டால், கலிபோர்னியாக்காரர்கள்தான் அதிக சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரு பக்கத்தாரும் சொன்னார்கள். அவரவர் வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டபோது இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். ஏன்? ஒப்பிடச் சொன்னதும் நம் கண்ணுக்கு வானிலை மட்டும்தான் தெரிகிறது. அங்கே வாழ்கிறவர் காலையில் எழுந்து வானிலையை நினைத்துக்கொண்டா இருக்கிறார்? முடிக்காத வேலையையும் உடம்பு சரியில்லாத அம்மாவையும் நினைக்கிறார்.

கல்லூரிப் பெயரும் அப்படித்தான். பதினேழு வயதில் அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. நாற்பது வயதில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்குக் காய்ச்சல், மேலதிகாரியோடு மனக்கசப்பு, இரண்டு நாளாகச் சரியாகப் பேசாத துணை, மாலையில் எதிர்பாராமல் வந்த பழைய நண்பனின் ஃபோன். அந்த நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. பட்டச் சான்றிதழில் எந்தக் கல்லூரியின் பெயர் அச்சாகியிருக்கிறது என்பது அன்றைக்கு நினைவுக்குக்கூட வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். தன் பள்ளியில் சர்க்கரையாக இருந்த பிள்ளை, ஆலைகள் நிறைந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் தன்னை வெறும் இலுப்பைப் பூ என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியல் அறிஞர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரே திறமை உள்ள இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் படிப்பவருக்குத் தன் படிப்பைப் பற்றிய நம்பிக்கை குறைந்துவிடுகிறது. மாணவரின் திறமை அப்படியேதான் இருக்கிறது, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள். முதல் பருவத் தேர்வில் கடைசி பெஞ்சுக்குப் போய் ஒதுங்கிக்கொண்ட எத்தனையோ முதல் ரேங்க் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் கூப்பிட்டுப் பேச ஓர் ஆள் இருந்தால் பிள்ளை தேறிவிடும். இல்லாவிட்டால் அந்தத் தாழ்வு எண்ணம் வேலைக்கும் கல்யாணத்துக்கும் கூடவே வரும்.

அந்த ஓர் ஆளைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2014-ல் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து, அமெரிக்காவில் பட்டம் பெற்ற சுமார் 30,000 பேரிடம் கேட்டார்கள். வேலையில் மனம் ஒன்றுகிறதா, வாழ்க்கை நன்றாகப் போகிறதா என்பதுதான் விஷயம். அரசுக் கல்லூரியா தனியார் கல்லூரியா, போட்டி கடுமையானதா சாதாரணமானதா என்பதெல்லாம் இதில் அவ்வளவாக வேறுபாடு காட்டவில்லை. வேறுபாடு வேறிடத்தில் தெரிந்தது. "என்மேல் அக்கறை காட்டிய ஆசிரியர் இருந்தார், படிப்பில் ஆசையைத் தூண்டிய ஒருவராவது இருந்தார், உன் கனவை விடாதே என்று வழிகாட்டிய ஒருவர் இருந்தார்" என்று சொன்னவர்கள் வேலையில் மனம் ஒன்றி இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். இந்த மூன்றும் தனக்குக் கிடைத்தது என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? 14 சதவீதம். படிப்புக்காக வாங்கிய கடன் பெருகப் பெருக நிம்மதி குறைவதும் அதே ஆய்வில் தெரிந்தது.

சந்தோஷமாக இருக்கிறவர் பழைய ஆசிரியரை அன்போடு நினைப்பது இயல்புதானே, எது காரணம் எது விளைவு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த 14 என்ற எண் என்னை விடவில்லை. அதைப் படித்த அன்று என் பழைய வகுப்புகளை நினைத்துக்கொண்டேன். நல்ல பெயருள்ள ஓர் இடத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். ஒரு வகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களில் பாதிக்கு எனக்கு முகம் தெரியாது. அப்புறம் யாரும் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரிக்கு வந்தேன். அங்கே எந்தப் பெண் பகுதிநேர வேலை பார்த்துவிட்டு வருகிறாள், எந்தப் பையன் நாலு நாளாக வரவில்லை என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே படித்தவர்கள்தான் இன்றும் என்னோடு தொடர்பில் இருக்கிறார்கள். முதல் இடத்து மாணவர்களுக்கு நான் தர வேண்டியதைத் தரவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஹார்வர்டு ஆய்வைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. 1938-ல் தொடங்கியது. ஹார்வர்டு கல்லூரி மாணவர்கள் 268 பேர். பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த 456 பையன்களைத் தொடர்ந்த இன்னொரு ஆய்வும் பின்னர் இதோடு சேர்ந்தது. இருதரப்பாரையும் முதுமை வரை தொடர்ந்து பார்த்தார்கள். மொத்தத்தில், ஏழைப் பகுதி ஆண்கள் 70 வயதில் இருந்த உடல்நிலைக்கு ஹார்வர்டுக்காரர்கள் 80 வயதில்தான் வந்தார்கள். பத்து வருட வித்தியாசம். ஆனால் அந்த ஏழைப் பையன்களிலேயே எப்படியோ ஒரு கல்லூரியில் படித்து முடித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் படித்த கல்லூரிக்கு ஹார்வர்டின் பெயர் கிடையாது, வருமானமும் குறைவு. 70 வயதில் அவர்களின் உடல்நலம் ஹார்வர்டுக்காரர்களுக்குச் சமமாக இருந்தது! படிப்பு செய்த வேலை அது. 50 வயதில் யார் தன் உறவுகளில் திருப்தியாக இருந்தார்களோ, அவர்களே 80 வயதில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் வந்த முடிவுதான்.

அதனால் இப்போதெல்லாம் என்னிடம் வரும் பெற்றோர்களிடம் வேறு விஷயங்களை விசாரிக்கச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியர்கள் அறையில் இருப்பார்களா, கிளம்பிவிடுவார்களா? எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கும், அதை எத்தனை வயது வரை கட்ட வேண்டும்? அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருவரைப் பிடித்து, "உன் பெயர் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

இந்த ஆண்டு பட்டியலில் பெயர் வராமல் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி, தங்கை யாராவது இருந்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், முதல் மாதத்துக்குள் ஓர் ஆசிரியரின் அறைக்குப் போய்ப் பாடத்தில் ஒரு சந்தேகம் கேளுங்கள். பயமாகத்தான் இருக்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்களில் பலர், யாராவது வந்து கதவைத் தட்ட மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.